வைத்தியர் வரும்வரை: பெரிய கால்நடைகளோடு வேலை தொடங்கும் உதவியாளருக்கு

ஒரே காலையில் கோப்பாயில் கண்டு போட முடியாமல் கிடக்கும் பசுவையும் வேலணையில் வயிறு ஊதிய நாம்பனையும் பார்க்கவேண்டிய நிலை யாழ்ப்பாணத்துக் கால்நடை வைத்தியருக்குப் புதிதல்ல. அவர் வந்து சேரும்வரை மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் உதவியாளர்தான். அந்த அரை மணித்தியாலத்தில் எதை அளந்து வைத்தீர்கள், எதைச் செய்யவிடாமல் தடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பல மாடுகள் பிழைக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி அந்த நேரத்தைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் மிருக வைத்தியத் தொழிலை 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. நோயைத் தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் பதிவு பெற்ற வைத்தியரின் வேலை. அவர் சொல்லாமல் நீங்கள் ஊசி ஏற்றக்கூடாது, அயலவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

ரெலிபோன் வந்தவுடன்

வேலை தொடங்குவது கொட்டிலில் அல்ல, ரெலிபோனில். கொப்பியில் பெயரையும் இடத்தையும் எழுதிவிட்டு இவற்றைக் கேளுங்கள்: “கண்டு போட்டு எத்தினை நாள்?” “கடைசியா எப்ப தீன் எடுத்தது?” “அசை போடுதோ?” “சாணி போட்டதோ, எப்பிடி இருந்தது?” “நேற்று எவ்வளவு பால், இண்டைக்கு எவ்வளவு?” கடைசியாக, “என்ன மருந்து பருக்கினீங்கள்?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் மழுப்புவார்கள். ஏச்சு விழும் என்ற பயம்தான் காரணம். “அம்மா, ஏசமாட்டன், தெரிஞ்சால்தான் டொக்டருக்கு லேசு” என்று சொல்லிப் பாருங்கள். நல்லெண்ணெயோ வேறு வீட்டு மாட்டுக்கு எழுதிய மருந்தின் மிச்சமோ உள்ளே போயிருந்தால் வைத்தியரின் முடிவே மாறிவிடும்.

பேச்சை முடிக்குமுன் நான்கு விடயம் சொல்லுங்கள். மாட்டை நிழலுக்கு மாற்றுங்கோ. தண்ணி வையுங்கோ. வாயால் ஒன்றும் பருக்கவேண்டாம். எச்சில் வழிந்தால் வாய்க்குள் கை வைக்கவேண்டாம்.

பையில் இருக்கவேண்டியவை

வெப்பமானி இரண்டு (ஒன்று கட்டாயம் ஒருநாள் உடையும்), ஸ்டெதஸ்கோப், செக்கன் முள்ளுள்ள மணிக்கூடு, தையற்காரரின் அளவு நாடா, ரோர்ச், தோள்வரை வரும் நீளக் கையுறை, சவர்க்காரம், வாளி, போவிடோன் அயடீன், இறப்பர் பூட்ஸ். பாவித்த ஊசிகளுக்கு மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தல். தடுப்பு மருந்து கொண்டுபோகும் நாளில் ஐஸ் வைத்த றெஜிபோம் பெட்டி. உள்ளே 2 முதல் 8 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். மருந்துக் குப்பி ஐஸ் கட்டியில் நேராக முட்டக்கூடாது, இடையில் துணியோ காகிதமோ வையுங்கள். உறைந்துபோனால் பல தடுப்பு மருந்துகள் வீண்.

கயிறு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெருவிரல் பருமனுள்ள பருத்திக் கயிறு 10 முதல் 12 மீற்றர் ஒன்று, தலைக்கயிறு ஒன்று. நைலோன் கயிறு மலிவு, ஆனால் மாடு இழுக்கும்போது உள்ளங்கைத் தோலைக் கொண்டுபோய்விடும். மிருகத்தைக் கட்டும் முடிச்சு எப்போதும் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சாகவே இருக்கட்டும். மாடு விழுந்து கழுத்து இறுகும்போது கத்தி தேட நேரமிருக்காது. வீட்டில் கதிரைக் காலில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டும் கட்ட வரும்வரை பழகுங்கள்.

கிட்டப் போகும் முறை

மாடு காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி உதைக்கும். அதனால் தொடைக்கு நேரே பக்கத்தில் நிற்பதும் ஆபத்து. குதிரை நேராகப் பின்னுக்கு உதைக்கும், அதன் வீச்சு நாம் நினைப்பதைவிட நீளம். இரண்டையும் தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே, மிருகத்தின் கண்ணுக்குத் தெரியும்படி அணுகுங்கள். குதிரைக்குப் பின்னால் கடக்கவேண்டியிருந்தால் மூன்று மீற்றர் தள்ளிப் போங்கள். அல்லது பிட்டத்தில் கையை வைத்தபடி உடலோடு ஒட்டிப் போங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் உதை முழுப் பலத்தோடு விழும்.

பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். காலைப் பார்க்கும்போது முழங்காலில் நிற்காமல் குந்துங்கள். வைத்தியர் எந்தப் பக்கமோ நீங்களும் அந்தப் பக்கமே நில்லுங்கள். குதிரை துள்ளினால் தலையை உங்கள் பக்கம் இழுக்க, அதன் பின்பக்கம் உங்கள் இருவரையும் விட்டு விலகிப் போகும்.

அளக்கும் ஒழுங்கு

தொடுவதற்கு முன் மூச்சை எண்ணுங்கள். தொட்டால் மூச்சு மாறிவிடும். சற்றுத் தள்ளி நின்று விலாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு நாடி, அதன்பின் வெப்பநிலை.

பசுவுக்கு நாடி பார்க்க வாலை மெதுவாகத் தூக்கி, வால் அடியிலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே, உட்பக்க நடுவில் விரல் நுனிகளை வைக்கவேண்டும். குதிரைக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில் கயிறுபோல் உருளும் நாளத்தில் பார்க்கவேண்டும்.

வெப்பமானியில் வழுவழுப்பு ஏதாவது தடவி, கயிற்றால் வால் மயிரோடு கவ்விவிட்டு, நுனி குடல் சுவரைத் தொடும்படி சரித்து வையுங்கள். சாணிக்குள் குத்தி நின்றால் குறைவாகக் காட்டும். வைத்தியர் மலவாசல் வழியே கைவிட்டுச் சோதித்த பிறகு எடுத்தாலும் உள்ளே காற்றுப் புகுந்து குறைவாகவே காட்டும். ஆகவே அவர் சோதிக்க முன்னரே எடுத்துவிடுங்கள். நல்ல வெயிலில் நின்ற மாடென்றால் நிழலில் 20 நிமிடம் விட்டு எடுங்கள்.

ஆறுதலாக நிற்கும் வளர்ந்த பசுவுக்கு வெப்பநிலை 38.0 முதல் 39.3 பாகை செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 48 முதல் 84, மூச்சு 20 முதல் 40. குதிரைக்கு 37.2 முதல் 38.3, நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஆட்டுக்கு வெப்பநிலை 39.7 வரையும் இயல்பே. குதிரையின் நாடி 60க்கு மேல் போய் அப்படியே நின்றால் வைத்தியரை உடனே கூப்பிடவேண்டும். பசுவின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு “70 தானே” என்று விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை.

பசுவின் இடப்பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள். முதல் இரைப்பை இரண்டு மூன்று தடவையாவது உங்கள் கையைத் தள்ளவேண்டும். ஒன்றுமே தள்ளவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். முரசை விரலால் அழுத்திவிட்டால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தராசு கொட்டிலில் இருக்காது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சென்ரிமீற்றரில் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, மாட்டுக்கு 10,840 ஆலும் குதிரைக்கு 11,880 ஆலும் பிரித்தால் கிலோகிராம் கிடைக்கும். நெஞ்சுச் சுற்று 150, நீளம் 130 உள்ள பசு ஏறத்தாழ 270 கிலோ. கண் மதிப்பில் அதையே 350 என்பவர்கள் உண்டு.

கண்டு போட்டு எழும்பாத பசு

யாழ்ப்பாணத்தில் வளர்க்கும் ஜேர்சிக் கலப்புப் பசுக்களில், குறிப்பாக மூன்றாம் கண்டுக்குப் பிறகு, பால் காய்ச்சல் எனப்படும் இந்த நோய் அடிக்கடி வரும். கண்டு போட்டு மூன்று நாளைக்குள் பசு தள்ளாடும், பிறகு படுத்துவிடும், கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துக்கொள்ளும். காது குளிர்ந்திருக்கும். “காய்ச்சல்” என்று பெயர் இருந்தாலும் பால் காய்ச்சலில் வெப்பநிலை பெரும்பாலும் கீழேதான் இறங்கும். திடீரென்று பால் சுரந்ததில் இரத்தத்துக் கல்சியம் மடிக்குப் போய்விட்டதால் தசைகள் சோர்ந்துவிடுகின்றன. தொண்டைத் தசையும் அதில் சேர்த்தி. அதனால்தான் இந்தப் பசுவுக்கு வாயால் எதுவும் பருக்கக்கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய், கல்சியம் ஏற்றி எழும்பிய பசுகூட நாலைந்து நாளில் சளிக்காய்ச்சலில் செத்துப்போகும்.

நீங்கள் செய்யவேண்டியது: பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் நெஞ்சில் இருக்கும்படி நிமிர்த்துங்கள். வைக்கல் அடைத்த சாக்கை இரு பக்கமும் முட்டுக்கொடுங்கள். சரிந்து கிடக்கும் மாட்டின் இரைப்பையில் காற்று அடைபடும், உள்ளிருப்பது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலில் போகும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாரம் தாங்கும் பக்கத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடியில் அகப்பட்ட காலின் தசையும் நரம்பும் நசிந்து, கல்சியம் சரியான பிறகும் பசு எழும்பாது.

வைத்தியர் கல்சியப் போத்தலை நாளத்தில் ஏற்றும்போது அதை முன்பே இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்திருங்கள். ஏற்றுவது 10 முதல் 20 நிமிடம் மெதுவாகப் போகவேண்டும். கல்சியம் விரைந்து போனால் இதயம் நின்றுவிடும். உங்களிடம் ஸ்டெதஸ்கோப்பைத் தந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து, எண்ணுவதைவிடத் தாளத்தைக் கேளுங்கள். துடிப்பு தடுமாறினாலோ விட்டுவிட்டு வந்தாலோ அந்தக் கணமே சொல்லுங்கள், போத்தலைத் தாழ்த்துங்கள்.

சரியாக வருவதற்கான அறிகுறிகளைக் கண்ணால் காணலாம். முதலில் தோள் தசை நடுங்கும். ஏப்பம் விடும். உலர்ந்து கிடந்த மூக்கு நுனியில் முத்துமுத்தாக ஈரம் பூக்கும். பிறகு சாணி போடும், எழும்பப் பார்க்கும். அப்போது வழுக்கும் சீமெந்துத் தரையில் விடாமல் மணலோ சாக்கோ பரப்புங்கள். அன்று மடியை முற்றாகக் கறக்கவேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள்; கண்டுக்குத் தேவையானதை மட்டும் எடுக்கட்டும்.

வயிறு ஊதல், தொண்டை அடைப்பு

இடப்பக்கம் முதுகெலும்பு மட்டத்துக்கு மேலே ஊதி, தட்டினால் மேளம்போல் கேட்டால் நேரம் குறைவு. கழுத்தை நீட்டி, எச்சில் வழிய, விழுங்க முயன்று தோற்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில் முழுப் பழத்தையோ கொட்டையையோ மாடு விழுங்கப் பார்த்து மாட்டிக்கொள்ளும். மாங்காய்க் காலத்தில் மாங்கொட்டை. இப்படி அடைபட்ட மாட்டுக்கு எண்ணெய் பருக்குவது அதைத் தண்ணீரில் அமுக்குவது போலத்தான். தடியால் குத்தித் தள்ளுவதும் உணவுக்குழலைக் கிழித்துவிடும். முன்பக்கம் உயரமான இடத்தில் நிறுத்தி, தலையைத் தாழ விட்டு, வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மரவள்ளி இலை, இளம் இறுங்குச் சோளப் பயிர் தின்ற மாடோ ஆடோ திடீரென்று மூச்சு வாங்கி விழுந்தால், வாயின் உட்புறம் செக்கச்செவேலென்று இருக்கிறதா பாருங்கள். அது சயனைட் நஞ்சு. நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் ரெலிபோனிலேயே இந்த ஒரு விபரத்தை வைத்தியருக்கு முதலில் சொல்லுங்கள். அவர் மாற்று மருந்தோடு வருவார்.

கண்டு போடும்போது

தண்ணீர்க்குடம் தெரிந்து ஒரு மணித்தியாலமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் அழைக்கவேண்டும். முதற்கண்டுக்காரிக்கு இரண்டு மணித்தியாலம் பொறுக்கலாம். இரண்டு முன்னங்கால்கள் குளம்பின் அடி கீழ்ப்பார்த்தபடியும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் ஒழுங்கு சரி. குளம்பின் அடி மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால்கள். அப்போது இழுக்கத் தொடங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்ததால் கருப்பை கிழிந்த பசுவை வைத்தியராலும் காப்பாற்ற முடியாது.

பிறந்த கண்டின் மூக்குத் துவாரத்தை வைக்கல் துரும்பால் கிண்டினால் தும்மி மூச்செடுக்கும். தொப்புளை அயடீனில் தோயுங்கள். 25 கிலோ கண்டுக்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் இரண்டரை லீற்றர் சீம்பால் போகவேண்டும். நேரம் போகப்போகக் குடலால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியை உறிஞ்ச முடியாது.

தொங்கும் இளங்கொடியில் கல்லோ செருப்போ கட்டவிடாதீர்கள், கையால் இழுக்கவும் வேண்டாம். 24 மணித்தியாலத்திலும் விழாவிட்டால் வைத்தியருக்குரிய விடயம். விழுந்த இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறது. அதை மதித்தபடியே ஒன்று சொல்லுங்கள்: எடுப்பவர் கையுறை போடவேண்டும். கருச்சிதைவு ஆன பசுவின் இளங்கொடியைத் தொங்கவிடவே கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவேண்டும். மாட்டில் கருவைச் சிதைக்கும் புரூசெல்லா கிருமி அதன் வழியாகவும் மனிதருக்கு வருகிறது.

நெடுந்தீவுக் குதிரைகள்

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். இங்கே அந்த அரை மணித்தியாலம் அரை நாளாகிவிடும். ஆகவே உதவியாளரின் கண்ணுக்கு மதிப்பு இன்னும் கூட. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன, குதிரைகளோ கட்டாக்காலியாகத் திரிகின்றன. கையால் தொடப் பழகாத மிருகம் என்பதால் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். வெயிலில் ஓடவிட்டாலே மெலிந்த குதிரை விழுந்துவிடும்.

தூரத்திலிருந்து செய்யக்கூடியவை நிறைய. எத்தனை தாய், எத்தனை குட்டி என்று எண்ணுங்கள். விலா எலும்பு, இடுப்பெலும்பு, வால் அடி எவ்வளவு துருத்துகிறது என்று பார்த்து 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை உடல்நிலைப் புள்ளி இடுங்கள். 3க்குக் கீழே என்றால் தெரியப்படுத்தவேண்டும். நொண்டும் குதிரையை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்தியருக்கு அனுப்புங்கள்.

ஆடி, ஆவணியில் சோழகம் வீசிக் குளங்கள் வற்றும்போது தண்ணீர்தான் முதல் மருந்து. 200 கிலோ குதிரைக்கே வெயில் நாளில் 10 முதல் 20 லீற்றர் வேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், உவர் ஏறிய கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தபின் நிரப்புங்கள். தொட்டியின் விளிம்பு குட்டிக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மிகவும் காய்ந்துபோன குதிரைக்கு 4, 5 லீற்றர் கொடுத்து, கால் மணித்தியாலம் விட்டு மீண்டும் கொடுங்கள்.

வரட்சிச் செய்தி கேட்டு இரக்கத்தோடு பாணும் அரிசியும் புண்ணாக்கும் மூட்டையாகக் கொண்டுவருவார்கள். நல்ல மனது, ஆனால் பட்டினி கிடந்த குதிரைக்கு மாப்பொருள் திடீரென்று போனால் இரத்தத்து உப்புகள் சரிந்து சில நாளில் இறந்துவிடும். குளம்பும் அழற்சி கண்டு நடக்க முடியாமற் போகும். காய்ந்த புல்லைச் சிறிது சிறிதாக, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பதே பாதுகாப்பு. கோழித்தீன் அறவே கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும்.

குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. குடலில் எது தவறினாலும் அது வயிற்றுவலியாகவே வெளிப்படும்: விலாவைத் திரும்பிப் பார்க்கும், முன்காலால் நிலத்தைக் கீறும், படுத்துருளும். மணல் நிலத்தில் கட்டைப் புல்லை மேயும்போது மணலும் உள்ளே போகும். சந்தேகமென்றால் புதிய லத்தி உருண்டை ஆறை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிப் போத்தலில் கால் மணித்தியாலம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டியளவு மணல் படிந்தால் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பழக்கப்பட்ட வளர்ப்புக் குதிரை ஈனும்போது கணக்கு மாட்டைவிட மிக விரைவு. குடம் உடைந்து அரை மணித்தியாலத்துக்குள் குட்டி வெளிவரவேண்டும். பிறந்து ஒரு மணித்தியாலத்தில் எழும்பவேண்டும், இரண்டில் பால் குடிக்கவேண்டும், மூன்றில் தாயின் இளங்கொடி விழவேண்டும். வெண்மையான குடத்துக்குப் பதில் சிவந்த வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால் குட்டிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது; வைத்தியரை ரெலிபோனில் வைத்துக்கொண்டே அவர் சொற்படி அதைக் கீறவேண்டும்.

எந்தக் குதிரைக்கும் குளம்பில் ஆணி ஏறினால் காயம் சிறிதென்று விடாதீர்கள். ஏற்புவலிக் கிருமிக்குக் குதிரைபோல் எளிதில் பலியாகும் வீட்டு மிருகம் வேறில்லை.

உங்கள் உடம்பு

விசர் நோய் கண்ட மாடு பெரும்பாலும் தொண்டை அடைத்த மாடுபோலவே தெரியும்: எச்சில், விழுங்க முடியாமை, கரகரத்த கத்தல். ஆகவே எச்சில் வடிக்கும் எந்த மாட்டின் வாய்க்குள்ளும் வெறுங்கை வேண்டாம். வேலையில் சேரும்போதே விசர்நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியும் ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். எச்சில் காயத்தில் பட்டுவிட்டால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்கமாட்டீர்கள். மாட்டு மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரும். மாரியில் சேற்றுக் கொட்டிலுக்குள் செருப்போடு இறங்கவேண்டாம். அதன்பின் காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்.

கொட்டிலை விட்டு வெளியேறும்போது

பெரியம்மைபோல் தோலில் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய் இலங்கையில் 2020 இல் வடக்கில்தான் முதலில் தெரிந்தது. கடிக்கும் பூச்சிகள் அதைப் பரப்பும், ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் பாவித்தாலும் பரவும். மாட்டுக்கு ஒரு ஊசி, அதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பூட்ஸில் ஒட்டிய சாணியை முதலில் தூரிகையால் உரசிக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனையுங்கள். சாணியின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது. கயிற்றையும் கழுவி வெயிலில் காயப்போடுங்கள்.

மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாள் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கக்கூடாது என்று வைத்தியரிடம் கேட்டு, திகதியைத் துண்டில் எழுதி வீட்டாரின் கையில் கொடுங்கள். கண்டு அந்தப் பாலைக் குடிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கொப்பியில் நேரம், வெப்பநிலை, நாடி, மூச்சு, மருந்து, அளவு, ஏற்றிய இடம் எல்லாம் ஒரே வரியில் இருக்கட்டும். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்: “அம்மா, மாடு இரவு அசை போட்டதோ?”